வெப்லாஜிக் 12.2.1.4 காலாண்டு பேட்ச்: ஓபேட்ச் 73 பிழை, பேட்ச் போட்டபின் பழைய கிளையண்ட் இணையவில்லை

ஈபேன்_மிடில்வேர்

வணக்கம். வெப்லாஜிக் 12.2.1.4 (ஆரக்கிளின் ஜாவா அப்ளிகேஷன் சர்வர்), ஆரக்கிள் லினக்ஸ், ஜேடிகே 8 (ஜாவா தொகுப்பு). இரண்டு மெஷின். முதலாவதில் அட்மின் சர்வரும் (மற்றவற்றை நிர்வகிப்பது) அப்ளிகேஷனை ஓட்டும் இரண்டு மேனேஜ்ட் சர்வரும், இரண்டாவதில் இன்னும் இரண்டு மேனேஜ்ட் சர்வர். நாலும் ஒரே கிளஸ்டர். ஒவ்வொரு மெஷினிலும் தனி ஆரக்கிள் ஹோம் (மென்பொருள் நிறுவிய ஃபோல்டர்), பகிர்ந்த டிஸ்க் கிடையாது. மேலே ஓடுவது ஹோட்டல் முன்பதிவு அப்ளிகேஷன்.

ஜனவரி காலாண்டு பேட்சை டெஸ்டில் போட்டுப் பார்த்தோம். நிலவரம் இது:

முதல் மெஷினில் ஓபேட்ச் (ஆரக்கிளின் பேட்ச் போடும் கருவி) பழசு என்று சொல்லி 73 பிழையோடு நின்றது. 6880880 என்ற எண்ணில் புது ஓபேட்ச் இறக்கி, ஹோமுக்குள் இருந்த ஓபேட்ச் ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு அந்த இடத்தில் அன்சிப் செய்தோம், டேட்டாபேஸ் ஹோமில் செய்வது போலவே. இப்போது இன்வென்டரியையே (எது நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவேடு) படிக்க முடியவில்லை என்கிறது.

இரண்டாவது மெஷினில் பேட்ச் ஏறிவிட்டது, சர்வர்களும் ரன்னிங். ஆனால் ராத்திரி தானாக ஓடும் பேட்ச் ஜாப் (தொகுதி வேலை, batch; பேட்ச் போடுவதோடு சம்பந்தமில்லை) டி3 (வெப்லாஜிக்கின் சொந்த இணைப்பு முறை) வழியாக இணையும்போது இன்வாலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன், "ஃபில்டர் ஸ்டேட்டஸ்: ரிஜெக்டட்". அதோடு அன்றைக்கே ஜேடிகேயையும் மாற்றினோம். வெளியே போகும் இரண்டு இணைப்புகளில் ஒன்று ஹேண்ட்ஷேக் எக்ஸெப்ஷன் (பாதுகாப்பான இணைப்பே தொடங்கவில்லை), இன்னொன்று பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட் (எதிர்முனையின் சான்றிதழை நம்ப முடியவில்லை).

புரொடக்ஷனுக்கு (உண்மையான சேவைக்கு) இங்கே மொரீஷியஸில் காவடி விடுமுறை ராத்திரியைக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வரிசையில் போனால் சிக்காமல் வெளியே வரலாம்?

ரோஸ்ஹில்காரன்

முதலில் அந்த 73. அது ஒரு நோயின் பெயர் இல்லை தம்பி. ஓபேட்ச் எதற்காக நின்றாலும் பெரும்பாலும் 73-தான் காட்டும். காரணம் அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கும். உங்கள் விஷயத்தில் ஓபேட்ச் பழசு என்பது சரியான காரணம், மருந்துதான் மாறிப்போச்சு.

டேட்டாபேஸ் ஓபேட்சும் வெப்லாஜிக் ஓபேட்சும் ஒன்றல்ல. டேட்டாபேஸ் பக்கத்தது 12.2.0.1 வரிசை, 12.2.1.4 வெப்லாஜிக்குக்கு வேண்டியது 13.9.4 வரிசை. நீங்கள் இறக்க வேண்டிய பேட்ச் எண் 28186730. குழப்பம் எங்கே வருகிறது என்றால், அந்த சிப்பைப் பிரித்தாலும் உள்ளே 6880880 என்ற ஃபோல்டர்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே எண்ணைத் தேடிப் போகிறவர்கள் நிறைய பேர். அந்த ஃபோல்டருக்குள் ஓபேட்ச் ஜெனரிக் என்ற ஜார் கோப்பு இருக்கிறது. இதை ஹோமில் அன்சிப் செய்யக்கூடாது. ஜாவா மைனஸ் ஜார் என்று ஓட்டி, சைலண்ட் ஆப்ஷனும் ஆரக்கிள் ஹோம் பாதையும் கொடுக்க வேண்டும். அதுதான் இன்வென்டரியிலும் தன்னைப் பதிந்துகொள்ளும்.

உடைந்த மெஷினைச் சரிசெய்ய: அன்சிப் செய்ததை முழுசாக அழித்துவிட்டு, பெயர் மாற்றி வைத்த பழைய ஓபேட்ச் ஃபோல்டரை அதே பெயரில் திரும்ப வையுங்கள். ஓபேட்ச் எல்எஸ்-இன்வென்டரி ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அதற்குப் பிறகு ஜார். அப்போதும் இன்வென்டரி கிடைக்கவில்லை என்றால் இரண்டு இடம் பாருங்கள். யாராவது ஒருமுறை ரூட்டாக ஓபேட்ச் ஓட்டியிருந்தால் டாட் பேட்ச் ஸ்டோரேஜ் ஃபோல்டரிலும் சென்ட்ரல் இன்வென்டரியிலும் (மெஷின் முழுவதற்குமான பதிவேடு) சில கோப்புகள் ரூட் பெயரில் நிற்கும், ஆரக்கிள் யூசரால் தொட முடியாது. அல்லது உங்கள் இன்வென்டரி பாயிண்டர் கோப்பு ஈடிசி ஃபோல்டரில் இல்லாமல் வேறெங்கோ இருக்கிறது. அப்படியானால் ஜாருக்கும் சரி, ஓபேட்சுக்கும் சரி, ஒவ்வொரு தடவையும் இன்வென்டரி பாயிண்டர் ஆப்ஷனில் அந்தப் பாதையைக் கொடுத்தே ஆகணும்.

பேக்கப் பற்றி ஒரு வார்த்தை. ஓபேட்சிலேயே ரோல்பேக் (பேட்சை இறக்குவது) இருக்கிறது என்று தார் (முழு நகல் கோப்பு) எடுக்காமல் போகாதீர்கள். ஆரக்கிள் ஹோம், டொமைன் ஹோம் (சர்வர்களின் கான்ஃபிகரேஷன் ஃபோல்டர்), சென்ட்ரல் இன்வென்டரி மூன்றையும், எல்லாம் நின்றிருக்கும்போது, ஒரே நேரத்து நகலாக எடுக்கணும். ஹோமுக்கு உள்ளே நின்றுகொண்டு நட்சத்திரக் குறி போட்டு தார் எடுத்தால் டாட்டில் தொடங்கும் ஃபோல்டர்கள் விட்டுப்போகும். டாட் பேட்ச் ஸ்டோரேஜ் அதில் ஒன்று, அது இல்லாமல் பழைய பேட்ச் எதையும் ரோல்பேக் செய்ய முடியாது. ஹோமுக்கு மேலே உள்ள ஃபோல்டருக்குப் போய், ஹோம் ஃபோல்டரின் பெயரைச் சொல்லி எடுங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அந்த ஃபோல்டரைக் கையால் அழிப்பவர்களும் உண்டு. அதற்கு ஓபேட்ச் யூட்டில் கிளீனப் இருக்கிறது.

மலைக்கோவில்

ரோஸ்ஹில் அண்ணன் சொன்னதோடு நிறுத்தும் வரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாமல் ஹோம் கெட்டுப்போவது இங்கேதான்.

மேனேஜ்ட் சர்வர்கள், பிறகு அட்மின் சர்வர், கடைசியில் நோட் மேனேஜர் (சர்வர்களைக் கண்காணித்து எழுப்பும் ப்ராசஸ்). நோட் மேனேஜரும் அதே ஹோமின் ஜார்களில்தான் ஓடுகிறது. அதை மறந்துவிட்டு, ஷட்டவுன் ஆகாமல் அடம்பிடிக்கும் மேனேஜ்ட் சர்வரைக் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொன்றால், நோட் மேனேஜர் அதைக் கிராஷ் என்று எடுத்துக்கொண்டு திரும்ப எழுப்பிவிடும். நீங்கள் ஓபேட்ச் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், பின்னால் ஒரு சர்வர் பாதி பழைய, பாதி புது ஜார்களை வாசித்துக்கொண்டு எழுந்து நிற்கும். நோட் மேனேஜர் ப்ராப்பர்ட்டீஸில் கிராஷ் ரிகவரி ட்ரூ என்று இருந்தால், நோட் மேனேஜரை நிறுத்தித் திரும்ப ஏற்றும்போதும் இதே கதை நடக்கலாம். சிஸ்டம்டி சர்வீஸ், மானிட்டரிங்குக்காகக் கிரானில் ஓடும் டபிள்யூஎல்எஸ்டி (வெப்லாஜிக்கின் கட்டளைக் கருவி) ஸ்கிரிப்ட் இவற்றையும் நிறுத்துங்கள். எல்லாம் முடிந்தபின் ப்ராசஸ் பட்டியலில் ஹோம் பாதையைத் தேடினால் ஒரு வரிகூட வரக்கூடாது.

பிறகு, அப்ளை கொடுப்பதற்கு முன் அதே கட்டளையை ரிப்போர்ட் ஆப்ஷனோடு ஒரு தடவை, கான்ஃப்ளிக்ட் (பேட்ச்களுக்குள் மோதல்) பார்க்கும் ப்ரீரெக் (முன்சோதனை) ஒரு தடவை. இவை எதையும் மாற்றாது, சர்வர் ஓடும்போதே முதல் நாளே செய்து வைக்கலாம். பழைய காலாண்டு பேட்ச் இருந்தால் கவலை இல்லை, புதுசு அதன் சூப்பர்செட். ஓபேட்ச் தானே பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றும். தொல்லை கொடுப்பது நடுவில் ஒரு பக்-க்காகப் போட்ட தனிப் பேட்ச். அதன் திருத்தம் புது பேட்சின் பட்டியலில் சேர்ந்திருந்தால் இறக்கிவிடலாம். சேரவில்லை என்றால் புது பேட்சின் மேல் உட்காரும்படி செய்த அதே திருத்தத்தை சப்போர்ட்டில் கேட்டு வாங்கணும், அதற்கு நாள் பிடிக்கும். விடுமுறை ராத்திரி 11 மணிக்குக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமில்லை இது.

அட்மின் இருக்கும் மெஷின் முதலில். அட்மினின் பேட்ச் நிலை மேனேஜ்ட் சர்வர்களுடையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கணும், கீழே இருக்கக்கூடாது. உங்கள் டெஸ்ட் இப்போது தலைகீழாக நிற்கிறது, அதில் வரும் விசித்திரங்களை வைத்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள்.

ஒரு மெஷினாகப் போட்டு சேவை நிற்காமல் கடக்கலாம் என்று நினைத்தால், செஷன் ரெப்ளிகேஷனை (யூசரின் நிலையை இன்னொரு சர்வரிலும் நகலாக வைப்பது) கவனியுங்கள். முதல் மெஷின் திரும்ப ஏறி ரன்னிங் என்று காட்டிய உடனே செஷன்களின் நகல் அங்கே போய்விடாது. அந்தந்த யூசரின் அடுத்த ரிக்வெஸ்ட் வரும்போதுதான் புது நகல் உருவாகும். அவசரப்பட்டு இரண்டாவது மெஷினை இறக்கினால் பாதி முன்பதிவில் இருப்பவர் லாகின் பக்கத்துக்கு வந்துவிடுவார். லோட் பேலன்சரில் வடியவிட்டு (புது யூசர்களை அனுப்பாமல்), உங்கள் செஷன் டைம்அவுட் அளவாவது இடைவெளி கொடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு சர்வரின் டெம்ப், கேஷ் ஃபோல்டர்களைக் காலி செய்யுங்கள். லாக் ஃபோல்டரும் டேட்டா ஃபோல்டரும் பக்கத்திலேயே இருக்கும், டேட்டாவில் எல்டாப்பும் (யூசர் கணக்குகள்) ஃபைல் ஸ்டோரும் உண்டு, அதில் கை வைக்காதீர்கள்.

கியூர்பீப்_மழை

ஹேண்ட்ஷேக், பிகேஐஎக்ஸ் இரண்டும் வெப்லாஜிக் பேட்சின் வேலையே இல்லை, ஜேடிகே மாற்றியதன் வேலை. ஒரே நாளில் இரண்டையும் மாற்றினால் எது எதை உடைத்தது என்று தெரியாமல் போகும். இரண்டு வாரம் இடைவெளி விட்டுச் செய்திருந்தால் இந்தக் கேள்வியில் பாதி இருந்திருக்காது.

பிகேஐஎக்ஸ்: பழைய ஜேடிகேயின் சிஏசெர்ட்ஸ் (நம்பும் சான்றிதழ்கள்) கோப்பில் யாரோ எப்போதோ ஒரு சான்றிதழை இம்போர்ட் செய்திருக்கிறார்கள். புது ஜேடிகேயில் அது இல்லை. பழைய கோப்பைத் தூக்கிப் புதியதன் மேல் போடாதீர்கள், புது ரூட் சான்றிதழ்கள் போய்விடும். கீடூலில் இரண்டின் பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் சேருங்கள். நிரந்தரத் தீர்வு, டொமைனுக்குச் சொந்தமான கஸ்டம் ட்ரஸ்ட் ஸ்டோர். ஜேடிகே வந்து போனாலும் அது அப்படியே இருக்கும்.

ஹேண்ட்ஷேக்: ஜேடிகே 8யூ291 தொடங்கி, அதாவது ஏப்ரல் 2021 முதல், டிஎல்எஸ் (பாதுகாப்பான இணைப்பு முறை) 1.0-வும் 1.1-ம் ஜாவா 8-இல் இயல்பாகவே மூடப்பட்டுவிட்டன. எதிர்முனையில் இருப்பது பழைய ஹோட்டல் சிஸ்டமாக இருக்கும். ஜாவா செக்யூரிட்டி கோப்பில் மூடிய பட்டியலிலிருந்து டிஎல்எஸ்1-ஐ எடுத்துவிட்டால் உடனே ஓடும், ஆனால் அந்த ஜேவிஎம்மில் எல்லா இணைப்புக்கும் கதவு திறந்துவிடும். நான் அதைச் செய்யமாட்டேன். எதிர்முனையை 1.2-க்கு ஏற்றச் சொல்லிக் கடிதம் போகட்டும், அதுவரை நடுவில் ஒரு ப்ராக்சி நிற்கட்டும்.

ஜேடிகே பாதையை எண்ணோடு எழுதி வைத்திருந்தால் அது பல இடத்தில் ஒளிந்திருக்கும்: டொமைனின் செட்-டொமைன்-என்வ், நோட் மேனேஜர் ப்ராப்பர்ட்டீஸ், ஹோமுக்குள் ஓயுஐ ஃபோல்டரில் டாட் குளோபல்என்வ். கடைசியதை மாற்றாமல் பழைய ஜேடிகேயை அழித்தால் அடுத்த காலாண்டில் ஓபேட்ச் ஜாவாவைக் காணோம் என்று நிற்கும். கரண்ட் என்று ஒரு சிம்லிங்க் (வேறு பாதையைச் சுட்டும் பெயர்) போட்டு எல்லாவற்றையும் அதற்குத் திருப்பிவிடுங்கள்.

ஈபேன்_மிடில்வேர்

நன்றி அண்ணா, நன்றி எல்லாருக்கும். முதல் மெஷின் ஓபேட்ச் சரியாகிவிட்டது, உள்ளே 12.2.0.1-தான் இருந்தது. டி3 ரிஜெக்டட் மட்டும் இன்னும் நிற்கிறது. பேட்ச் ஜாப் தனி மெஷினில் ஓடுகிறது. கன்சோலிலும் செக்யூரிட்டி எச்சரிக்கைகள் என்று ஒரு பட்டை வருகிறது. இரண்டும் ஒன்றா?

ரோஸ்ஹில்காரன்

ஒன்றல்ல, ஆனால் பக்கத்து வீடு.

ரிஜெக்டட் என்பது சீரியலைசேஷன் ஃபில்டர். டி3 வழியாக வரும் ஆப்ஜெக்ட்களில் ஆபத்தான கிளாஸ்களை வெப்லாஜிக் தடுக்கிறது, காலாண்டு பேட்ச் அந்தத் தடைப் பட்டியலை நீட்டும். முதலில் பேட்ச் ஜாப் மெஷினில் இருக்கும் தின் டி3 கிளையண்ட் ஜாரைப் பாருங்கள். அது எப்போதோ ஹோமிலிருந்து எடுத்த நகல், ஓபேட்ச் அதைத் தொடாது. பேட்ச் போட்ட ஹோமில் டபிள்யூஎல்சர்வர், சர்வர், லிப் ஃபோல்டரிலிருந்து புதிய ஜாரை எடுத்து வைத்துப் பாருங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா, எந்தக் கிளாஸ் தடுக்கப்படுகிறது என்று தெரியணும். ஜாவா டாட் ஐஓ டாட் சீரியலைசேஷன் லாக்கரை ஃபைன் நிலைக்கு ஏற்றினால் தடுத்த கிளாஸின் பெயரே வரும். அது உங்கள் சொந்த கிளாஸ் என்றால் வெப்லாஜிக் ஓஐஎஃப் சீரியல் ஃபில்டர் ப்ராப்பர்ட்டியில் அந்தப் பேக்கேஜை மட்டும் சேருங்கள். மோடைக் கம்பைன் என்றே விடுங்கள். ரீப்ளேஸ் என்று மாற்றினால் இயல்புத் தடைகள் எல்லாம் போய்விடும், பேட்ச் போட்டதற்கே அர்த்தமில்லை. தடுக்கப்பட்டது உங்களுடையது இல்லாமல் பழைய காமன்ஸ் லைப்ரரி கிளாஸ் என்றால் ஃபில்டரைத் திறக்காதீர்கள். அப்ளிகேஷன் ஆட்களைக் கூப்பிட்டு அதை அனுப்பாமல் எழுதச் சொல்லுங்கள்.

ஃபில்டர் பட்டியலில் பிரிக்கும் குறி அரைப்புள்ளி. ஷெல்லில் அரைப்புள்ளி என்றால் கட்டளை முடிந்தது என்று பொருள். மேற்கோளுக்குள் போடாவிட்டால் முதல் பெயர் மட்டும் போகும், மீதி காணாமல் போகும், லாக்கில் பிழையும் தெளிவாக வராது. இதை செட்-டொமைன்-என்வில் எழுதாமல் அதே பின் ஃபோல்டரில் செட்-யூசர்-ஓவர்ரைட்ஸ் என்று ஒரு கோப்பு வைத்து எழுதுங்கள். இரண்டு மெஷினிலும் கையால் வைக்கணும், அட்மின் சர்வர் அதைப் பரப்பாது.

கன்சோல் பட்டை ஜூலை 2021 பேட்ச் முதல் வருவது. உங்கள் கான்ஃபிகரேஷனில் ஓட்டை எங்கே என்று பட்டியல் போடும், எதையும் தானே அடைக்காது. அதில் பெரியது, பெயர் தெரியாத ஆர்எம்ஐ அழைப்புகளை (வேறு மெஷினிலிருந்து ஜாவா நிரலைக் கூப்பிடுவது) டி3-யிலும் ஐஐஓபி-யிலும் (இன்னொரு இணைப்பு முறை) அனுமதிப்பது. டொமைனின் செக்யூரிட்டி பக்கத்தில் அட்வான்ஸ்ட் பகுதியில் அணைக்கலாம். அணைத்தால் யூசர், பாஸ்வேர்ட் கொடுக்காமல் ஜேஎன்டிஐ (சர்வரின் பெயர்ப் பட்டியல்) தேடும் எல்லாக் கிளையண்டும் நிற்கும். உங்கள் பேட்ச் ஜாபும் அதில் ஒன்றாக இருக்கலாம். டெஸ்டில் அணைத்து ஒரு முழு ராத்திரிச் சுற்று ஓட்டிப் பார்த்தபின் புரொடக்ஷன்.

மலைக்கோவில்

கனெக்ஷன் ஃபில்டர் (எந்த ஐபி இணையலாம் என்ற விதிகள்) போட்டு டி3-ஐ வெளியிலிருந்து மூடுகிறவர்களுக்கு: விதிகள் மேலிருந்து கீழே, முதலில் பொருந்துவதே தீர்ப்பு. அனுமதி வரிகள் முதலில், எல்லாவற்றையும் மறுக்கும் வரி கடைசியில். இரண்டு மெஷினின் ஐபி, பேட்ச் ஜாப் மெஷினின் ஐபி மூன்றும் அனுமதியில் இருக்கணும். அட்மினும் மேனேஜ்ட் சர்வரும் பேசிக்கொள்வதே டி3-யில்தான். அதை மறுத்துவிட்டால் டபிள்யூஎல்எஸ்டியால்கூட உள்ளே வர முடியாது.

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காவடி அன்று பகலில் கோர் தெ கார்ட் மலைக்கோவிலில் நிற்கிறவர்கள் பாதிப் பேர் உங்கள் டீம்தான், ராத்திரி தூக்கக் கலக்கத்தோடு வருவார்கள். இரண்டு பேர் கட்டாயம், ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பார்க்க. திரும்பிப் போகும் முடிவுக்கு ஒரு மணியை முன்கூட்டியே குறித்து வையுங்கள். ரோல்பேக் என்றால் பேட்ச் எண்ணைக் கொடுத்து இறக்குவது. ஆனால் ஏறும்போது தானாக இறங்கிய பழைய காலாண்டு பேட்ச் அப்போது தானாகத் திரும்ப வராது, அதையும் தனியாக அப்ளை செய்யணும். அந்தப் பழைய சிப்பும் கையில் இருக்கட்டும். நேரம் குறைவென்றால் தாரை விரிப்பதே வேகம். விரிக்கும்போது ஹோமும் இன்வென்டரியும் ஒன்றாகவே திரும்பணும். ஒன்று மட்டும் பழசானால் எல்எஸ்பேட்சஸ் (ஏறியுள்ள பேட்ச்களின் பட்டியல்) சொல்வதும் டிஸ்கில் இருப்பதும் வேறு வேறாகிவிடும்.

புயல் பருவம் வேறு. இரண்டாம் வகுப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் ஆரம்பிக்கவே வேண்டாம், வேறு நாள் கேளுங்கள். சிப் எல்லாவற்றையும் இப்போதே இறக்கி, செக்சம் சரிபார்த்து, இரண்டு மெஷினிலும் வைத்துவிடுங்கள்.

ஈபேன்_மிடில்வேர்

புது தின் கிளையண்ட் ஜார் வைத்ததும் ரிஜெக்டட் போய்விட்டது, ஃபில்டரைத் தொடவே வேண்டியதில்லை. ரிப்போர்ட் ஓட்டியதில் ஒரு தனிப் பேட்ச் கான்ஃப்ளிக்ட் காட்டுகிறது, புது பேட்சின் பட்டியலில் அந்த பக் எண் இருக்கிறது, அதனால் இறக்கிவிடுகிறோம். ஜேடிகே மாற்றத்தைப் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளியாச்சு.