தூரத்து வி துண்டுகள் ஏன் சேரவில்லை? நாளை செமினார்

ஹட்டன்_மாணவி: பிறபொருளெதிரிப் பரம்பரையலகுப் படமொன்றில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பரம்பரையலகு வி, டி, ஜே என்ற டிஎன்ஏ துண்டுகள் ஒன்றுசேர்ந்து உருவாகிறது. டி, ஜே சேர்ந்திருக்கின்றன. பக்கத்து வி சேர்கிறது, தூரத்து வி மட்டும் சேரவில்லை. துண்டுகளை வெட்டும் ராக் நொதியம் இருக்கிறது. ஏன்? மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பதுளைக்காரன்: எலியா, மனிதனா? எந்தப் பருவத்துக் கலம்?

கண்டி_வாசகன்: 12/23 விதி (12 எழுத்து இடைவெளிக் குறியுள்ள துண்டு 23 எழுத்து இடைவெளிக் குறியுள்ள துண்டோடுதான் சேரும்) பிழைத்திருக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

பதுளைக்காரன்: எல்லா வி துண்டுக்கும் 23தானே அண்ணே? பக்கத்தது மட்டும் எப்படிச் சேரும்?

ஹட்டன்_மாணவி: மன்னிக்கவும். எலி. என்புமச்சைப் புரோ-பீ கலம், அதாவது பீ கலத்தின் ஆரம்பப் பருவம். மற்றப் பரம்பரையலகுகளைக் கட்டுப்படுத்தும் பக்ஸ்5 புரதம் நீக்கியது.

மூத்தவர்: அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தத் துண்டுகள் இடம்மாறிச் சேர்கின்றன என்று 1976இல் ஆய்வாளர் டொனெகாவா காட்டியதையே ஒழுங்காக வாசிக்காமல் பிள்ளைகள் படத்துக்குப் பாய்கிறார்கள்.

தெமோதரை_அக்கா: தங்கச்சி, எங்கள் தெமோதரை ஸ்டேஷனை நினையுங்கள். ரயில் மலையைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழே சுரங்கத்தில் நுழைகிறது. பாதைவழியே தூரம், மேலும் கீழுமாகப் பார்த்தால் கிட்ட. ஆனால் தண்டவாளம் அசையாது, இங்கே டிஎன்ஏ நூலே இழுபடுகிறது. ராக் ஜே பக்கமே உட்கார்ந்திருக்கும், வி அதனிடம் வர வேண்டும். கொஹீசின் என்ற வளையப் புரதம் நூலை இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்கும். வாப்ல் புரதம் அந்த வளையத்தைக் கழற்றிவிடும். பக்ஸ்5 வாப்லைக் குறைத்து வைப்பதால், கிட்டத்தட்ட 30 இலட்சம் எழுத்து நீளத்தையும் இழுக்க முடிகிறது. பக்ஸ்5 இல்லாவிட்டால் வளையம் சீக்கிரமே கழன்றுவிடும், பக்கத்து வி மட்டும் வந்து சேரும்.

கண்டி_வாசகன்: அப்படியென்றால் தூரத்து வி மூடிய குரோமட்டினில் (புரதத்தில் இறுகச் சுற்றிய டிஎன்ஏயில்) கிடக்கிறது என்றே சொல்வேன்.

தெமோதரை_அக்கா: பக்ஸ்5 இல்லாத கலத்திலும் அவை ஆர்என்ஏயாகப் படியெடுக்கப்படுகின்றன. மூடிக் கிடந்தால் எப்படி?

மூத்தவர்: முதலில் ‘கலம்’ என்பதை விட்டு ‘செல்’ என்று எழுதுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கலம் என்றால் பாத்திரம்.

பதுளைக்காரன்: தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளை உயர்தரத்தில் கலம், நிறமூர்த்தம் என்றுதான் படித்துவிட்டு வருகிறது. அதை ஏன் மாற்ற வேண்டும்?

மூத்தவர்: உலகம் குரோமோசோம் என்கிறது.

பதுளைக்காரன்: உலகத்துக்கு அதையும் சொல்லிக்கொடுப்போம். பிள்ளைக்கு அதன் சொல்லிலேயே சொல்வோம்.

ஹட்டன்_மாணவி: செமினார் முடிந்தது. வாப்ல் சரி என்றார் சேர். சீடிசிஎஃப் பற்றிக் கேட்டார், சொல்லத் தெரியவில்லை. நன்றி அக்கா.

தெமோதரை_அக்கா: சீடிசிஎஃப் டிஎன்ஏயில் ஒட்டியிருக்கும் தடுப்பு. இழுத்துக்கொண்டு வரும் கொஹீசின் அங்கே நிற்கும். ஒன்றையொன்று பார்த்த இரண்டு சீடிசிஎஃப்கள்தான் கண்ணியின் அடி. வி தொகுதியில் அவை நிறைய உண்டு, படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.