அரசுப் பள்ளியில் பிரம்படி: 15 வயதுப் பையனுக்குச் சட்டம் துணை நிற்குமா?

வணக்கம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனைக் கை வீங்கும் அளவுக்குப் பிரம்பால் அடித்திருக்கிறார்கள். மூன்று நாளாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறான். பார்க்கவே மனசு தாங்கவில்லை.

2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கானது. இவனுக்கு 15. அதற்காக அடிக்கலாம் என்று ஆகிவிடுமா?

பள்ளியில் அடிப்பது அரசியலமைப்பின் 14, 21-வது பிரிவுகளுக்கு எதிரானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் தரும் மனுவில் அதைக் காட்டலாமா? பள்ளியில் அடிப்பதைத் தடை செய்து, தமிழ்நாடு கல்வி விதிகளில் 51-வது விதியை 2003-இல் திருத்திய அரசாணையின் நகல் யாரிடமாவது இருக்கிறதா? திங்கட்கிழமை முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கப் போகிறோம். வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் யாராவது வழிகாட்டுங்கள்.