காஸ்ட் அயர்ன் புல்லட்டுக்கு ஃபுட்போர்டா, ஃபுட்ரெஸ்ட்டா? ஓட்டினவங்க சொல்லுங்க

வேலூர்_புல்லட்
வணக்கம் மக்களே. வண்டி 1988 மாடல் என்ஃபீல்டு புல்லட் ஸ்டாண்டர்டு 350, பழைய காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) இன்ஜின். நாலு கியர், வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். அப்பா ஓட்டின வண்டி, இப்போ என் கையில. என் உயரம் ஆறடிக்கு மேல. வேலூர்ல கிளம்பி கிருஷ்ணகிரி தாண்டுறதுக்குள்ள முட்டி ரெண்டும் பிடிச்சுக்குது. பாதத்துக்கு நடுவுல அந்த ஃபுட்ரெஸ்ட் ரப்பர் குச்சி அழுத்தி மரத்துப் போகுது. ஷூ போட்டாலும் இதே கதைதான்.

ஹார்லி மாதிரி ரெண்டு பக்கமும் அகலமான ஃபுட்போர்டு போட்டுடலாமான்னு யோசனை. சென்னை ஜி.பி. ரோட்டுல ஒரு கடையில "புல்லட்டுக்கு அப்படியே உட்காரும் சார்"னு ஒரு செட் எடுத்துக் காட்டினாங்க. வாங்கலாமா, ஃபுட்ரெஸ்ட்டோடயே இருந்துடலாமா? ஏலகிரி அடிக்கடி ஏறுவேன், அதையும் கணக்குல வச்சுச் சொல்லுங்க.

டெக்ஸாஸ்தமிழன்
போடுங்க ப்ரோ. போட்டுட்டா கழட்டவே மனசு வராது. நான் ஹூஸ்டன்ல ஹார்லி ஹெரிட்டேஜ் சாஃப்டெயில் ஓட்டுறேன், ஊர்ல இருந்தப்போ கிளாசிக் 350. ஃபுட்ரெஸ்ட்ல கால் வைக்க ஒரே ஒரு இடம்தான். போர்டுல குதிகாலைப் பின்னாடி இழுத்துக்கலாம், முன்னாடி நீட்டலாம், பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வச்சுக்கலாம். நெடுஞ்சாலையில மணிக்கணக்கா நேரா போறப்போ முட்டி ஒரே கோணத்துல மாட்டிக்காம இருந்தாலே பாதி வலி போயிடும். அமெரிக்காக்காரன் நூறு வருஷமா பெரிய வண்டிக்குப் பலகையை விடாம வச்சிருக்கான்னா சும்மாவா?

கொல்லிமலை_70
அமெரிக்காக்காரன் பலகை வச்ச கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கலாம் சார். அந்தக் கால ஹார்லியில கிளட்ச் இடது காலுக்கு, கியர் டேங்க் ஓரத்துல கைக்கு. கிளட்ச் மிதி நடுவுல ஊன்றி ரெண்டு பக்கமும் ஆடும். விரலால ஒரு பக்கம், குதிகாலால மறு பக்கம் மிதிக்கணும். அதுக்குப் பாதம் முழுக்க ஊன்ற ஒரு தளம் இல்லாம முடியாது. பெரிய ஹார்லிக்குக் கால் கியரும் கை கிளட்சும் வந்ததே 1952லதான். அப்புறம் மிதி போயிடுச்சு, பலகை தங்கிடுச்சு.

புல்லட் வேற வம்சம். இங்கிலாந்துல ரெட்டிச்சுல வரைஞ்ச வண்டி, 1955ல மெட்ராஸுக்கு வந்து திருவொற்றியூர்ல வளர்ந்தது. பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரயம்ப் எல்லாம் அதே பழக்கம்தான்: பாதத்தை ஃபுட்ரெஸ்ட்ல ஊன்றிக்கிட்டுக் கணுக்காலை மட்டும் அசைச்சா கியரும் பிரேக்கும் கைக்கு எட்டின மாதிரி வேலை செய்யணும். லீவரோட நீளம், உயரம் எல்லாம் அந்தக் கணக்குல போட்டது.

இப்போ அந்த இடத்துல பலகையைப் போடுங்க. குதிகால் தரையில படுத்த மாதிரி படுத்துடும். பிரேக் மிதிக்கணும்னா முதல்ல முழுப் பாதத்தையும் தூக்கணும், அப்புறம் மிதி மேல வைக்கணும், அப்புறம்தான் அழுத்தணும். பின் சக்கரத்துல இருக்கிறது 6 அங்குல டிரம். அது பிடிக்கவே யோசிக்கிற சாமான். அதுக்கு முன்னாடி உங்க காலும் யோசிச்சா குறுக்க வர்ற ஆடு பிழைக்காது.

டெக்ஸாஸ்தமிழன்
பிரேக் மிதியைக் கொஞ்சம் உசத்தி, தட்டை அகலமாக்கினா முடிஞ்சது. என் வண்டியில அப்படித்தான் இருக்கு. முன் பிரேக்கை மறந்துட்டுப் பேசுறீங்க.

கொல்லிமலை_70
உங்க முன் பிரேக் டிஸ்க். அவரோடது கேபிள் டிரம். ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

லேத்பட்டறை
கோயமுத்தூருங்க. பழைய புல்லட்டுக்கு பிராக்கெட் அடிச்சுக் குடுக்கறதுதான் பொழப்பு, அதனால வேலைக்காரன் கண்ணுல தெரியறதைச் சொல்றனுங்க.

வலது பக்கம் எடத்தைப் பாருங்க. கியர் லீவர், அதுக்குப் பின்னால குதிகால்ல அமுக்கி நியூட்ரலுக்குக் கொண்டு வர்ற லீவர் (நியூட்ரல் பைண்டர்), கிக்கர், கீழ சைலன்சர். நாலும் ஒரு சாண் எடத்துல நெருக்கிட்டு நிக்குது. பலகை போட்டா அதோட பின் முனை கிக்கர் எறங்கற வழில வந்து நிக்கும். பாதி எறங்கி பலகைல இடிச்சுதுன்னா உதை திரும்பி உங்க காலுக்குத்தான். வாங்கறதுக்கு முன்னால பலகையை எடத்துல புடிச்சுட்டு கிக்கரைக் கையால கீழ வரைக்கும் எறக்கிப் பாருங்க.

அப்புறம் கியரு. உங்குளுது ஒண்ணாவது மேல, மத்த மூணும் கீழ. மேல் கியருக்குப் போறது அமுக்கறதுதான், பலகைல இருந்தும் செய்யலாம். எறக்கறதுக்கு விரலை லீவருக்கு அடியில விட்டுத் தூக்கணுமுங்க. பலகைல பாதம் படுத்திருந்தா அடியில விடறதுக்குச் சந்து இருக்காது. ஹார்லிக்காரன் குதிகால்–விரல் ரெட்டை லீவர் வச்சுத் தப்பிச்சான். இப்ப வர்ற கிளாசிக் 350ல கூட அதான் இருக்குது. உங்க வண்டில அந்தக் குதிகால் எடத்துல நியூட்ரல் பைண்டர் உக்காந்திருக்குது.

மூணாவது அதிர்வு. சிலிண்டர் விட்டம் 70, பிஸ்டன் ஓட்டம் 90 மில்லிமீட்டர், நீள ஸ்ட்ரோக் ஒத்தை சிலிண்டரு, அதிர்வைக் குறைக்கற பேலன்சர் கெடையாது. ஃபுட்ரெஸ்ட் குட்டை, ஒரு போல்ட் தாங்கும். பலகை ஒரு அடி நீளம். ஒரே எடத்துல புடிச்சு ரெண்டு பக்கமும் தொங்க விட்டா முனை துடிக்கும், வெல்டு விரியும். எங்கிட்ட வர்ற உடைஞ்ச பலகை எல்லாம் பிராக்கெட் மூலையிலதான் கீறல் விட்டிருக்குதுங்க.

எஸ்டி_ரோடுகிங்
நாங்க இந்த விவாதத்துக்கே தகுதி இல்லாதவங்க. எங்க எஸ்டி ரோடுகிங்குல கிக்கரே கியர் லீவர். உதைச்சு ஸ்டார்ட் பண்ணிட்டு அதே கம்பியைத் திருப்பிக் கியர் போடுறோம். இதுல பலகைக்கு எங்க போறது? 🙂

முதுகெலும்பு
பிசியோதெரபிஸ்ட், வார இறுதியில் பைக். எல்லாரும் பாதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், இடுப்பை யாரும் தொடவில்லை.

பலகையின் நன்மை உண்மையானது. ஃபுட்ரெஸ்ட்டில் குதிகாலுக்குத் தாங்கல் கிடையாது. பாதத்தைக் கிடைமட்டமாக வைத்திருக்கக் கெண்டைக்கால் சதையும் முழங்காலுக்குக் கீழே முன்புறச் சதையும் ஓயாமல் வேலை செய்கின்றன. பலகையில் அவற்றுக்கு ஓய்வு. மரத்துப்போவதும் குறையும், ஏனென்றால் எடை பாதம் முழுக்கப் பரவுகிறது.

ஆனால் கால் முன்னே போகப் போக இடுப்பெலும்பு பின்னால் உருளும். கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும். உடம்பு எடை முழுக்க இருக்கையில், குறிப்பாக வால் எலும்பை ஒட்டி இறங்கும். நம் சாலையில் அறிவிப்புப் பலகையே இல்லாத வேகத்தடைகள் எத்தனை! ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்கு அருகே கீழே இருந்தால், பள்ளம் தெரிந்த கணத்தில் கால் மேல் எடையை ஏற்றி லேசாக எழுந்துகொள்ளலாம். முட்டியே ஷாக் அப்சார்பராகிவிடும். கால் முன்னே நீண்டிருந்தால் எழ முடியாது. முயன்றால் ஹேண்டிலைப் பிடித்து இழுப்பீர்கள். அந்தக் குத்து நேராக முதுகுத் தண்டுக்கு.

எனவே என் கேள்வி பலகையா குச்சியா என்பதல்ல. பலகை எந்த இடத்தில் வருகிறது? ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயா, ஒரு சாண் முன்னாலா?

டெக்ஸாஸ்தமிழன்
டாக்டர் சொன்னதுல பாதிக்கு நன்றி. மீதிக்கு ஒண்ணு சொல்றேன். மனுஷன் கேட்டது கிருஷ்ணகிரி வரைக்கும் போற சுகத்தை. தேசிய நெடுஞ்சாலை. அங்க பள்ளம் எத்தனை, நேர் ரோடு எத்தனை? நூத்துல தொண்ணூறு நேரம் உட்கார்ந்துதான் போறோம். அந்தத் தொண்ணூறுக்கு எது வசதின்னு பார்க்காம, பத்துக்காக ஏன் நாள் முழுக்க கால் மரத்து ஓட்டணும்?

கொல்லிமலை_70
அந்தப் பத்துலதான் சார் விழுவோம்.

இன்னொண்ணு. அவர் ஏலகிரி ஏறுவேன்னு முதல் பதிவுலயே சொல்லிட்டார். 14 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுக்கும் புலவர், வள்ளல் பேர் எழுதி போர்டு வச்சிருக்கு. எங்க மலையில 70. சாயும்போது முதல்ல தரையைத் தொடறது ஃபுட்போர்டோட வெளி விளிம்பு. ஃபுட்ரெஸ்ட்டை விட அது வெளியேயும் நீட்டிக்கிட்டு இருக்கும், கீழேயும் இருக்கும்.

டெக்ஸாஸ்தமிழன்
தொட்டா என்ன? நான் இங்க டெக்ஸாஸ் ஹில் கன்ட்ரியில ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்ங்கிற வளைவு ரோட்டுல உரசாத நாள் இல்ல. போர்டு கீல்ல மேல மடங்கும். அடியில தேய்மானத்துக்குன்னே ஒரு பட்டன் இருக்கு, தேய்ஞ்சா அதை மட்டும் மாத்திக்கலாம். "சர்ர்"ன்னு சத்தம் வந்தா இதுக்கு மேல சாயாதேன்னு வண்டியே சொல்லுதுன்னு அர்த்தம்.

கொல்லிமலை_70
கீல் இருந்தா. @வேலூர்_புல்லட், உங்க ஜி.பி. ரோடு கடைக்காரர் காட்டின செட்ல கீல் இருக்கா, இறுக்கி வெல்டு வச்சதா? இறுக்கமான தட்டு வளைவுல தரையில ஊன்றினா அதுவே நெம்புகோல். பின் சக்கரத்தைத் தரையை விட்டுத் தூக்கிடும். அப்புறம் எந்தப் புலவர் பேர் போட்ட வளைவுல விழுந்தோம்னு மட்டும்தான் பார்க்கணும்.

வேலூர்_புல்லட்
இன்னைக்கு போன் போட்டுக் கேட்டேன். "ஸ்ட்ராங்கா இருக்கும் சார், அசையவே அசையாது"ன்னார். மடங்குமான்னு திரும்பக் கேட்டா "எதுக்கு சார் மடங்கணும்?"ங்கிறார்.

கொல்லிமலை_70
பதில் கிடைச்சிடுச்சு.

சேலைகார்டு
ரெண்டு நாளா படிக்கிறேன். ஓட்டுறவர் கால் பத்தித்தான் பேச்சு. பின்னாடி ஒரு ஆள் உட்காருமே, அதோட கால்?

நான் புல்லட் ஓட்டுவேன், பின்னாடியும் உட்காருவேன். அம்மா காலத்துல ஒரு பக்கமா உட்கார்ந்து போவாங்க, சேலை கார்டோட ஒரு தகடு இருக்கும், ரெண்டு காலும் அதுல. அந்த வண்டியில வலி வந்துச்சுன்னு அம்மா சொல்லிக் கேட்டதே இல்ல. ஆக இந்த நாட்டுல பலகை சுகத்தை முதல்ல அனுபவிச்சது பின் சீட்டுப் பெண்கள்தான், கொல்லிமலை அண்ணா. மோட்டார் வாகன விதி 123லயே பின்னாடி உட்கார்றவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், சக்கரத்துக்குப் பாதிக்குக் குறையாம மறைப்பு எல்லாம் கட்டாயம்னு இருக்கு.

வேலூர் சார், நீங்க முன்னாடி பலகை போட்டுக் குதிகாலைப் பின்னால இழுத்து வச்சா, அது வந்து நிக்கிற இடம் பின்னாடி இருக்கிறவங்க ஷூ முனை. வீட்ல கேட்டுட்டு வாங்குங்க.

டெக்ஸாஸ்தமிழன்
அக்கா என் கட்சின்னு நினைச்சேன், கடைசி வரியில கவுத்துட்டீங்க.

லேத்பட்டறை
வேலூரு தம்பிக்கு ஒரு கேள்விங்க. சீட்டு பழைய ஸ்ப்ரிங் சீட்டா, நீள சீட்டா? ஸ்பான்ஜ் அமுங்கிப் போச்சா?

வேலூர்_புல்லட்
நீள சீட்டுதான் அண்ணா. அப்பா காலத்து ஸ்பான்ஜ். நடுவுல குழி விழுந்து உட்கார்ந்தா அடித்தகடு தட்டுது.

லேத்பட்டறை
அதான் பாருங்க. ஆறடி ஆளு குழிக்குள்ள உக்காந்தா முட்டி மடங்காம என்ன பண்ணும்? சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இருக்கற தூரம்தான் முட்டிக் கோணம். பலகை போட்டாலும் அந்தத் தூரம் அதிகமாகாதுங்க. தகடோட கனத்துக்குக் கொஞ்சம் குறையவே செய்யும். மொதல்ல சீட்டுக்கு நல்ல கெட்டி ஸ்பான்ஜ் போட்டு ஒண்ணரை அங்குலம் ஏத்துங்க. ஃபுட்ரெஸ்ட்டை அதே எடத்துல ஒரு அங்குலம் எறக்கி, மேல்பக்கம் அகலமா, ரெண்டரை அங்குலத்துக்கு ஒரு தகடு வச்சு தடிச்ச ரப்பர் போட்டுத் தர்றனுங்க. கீல் வச்சு மடங்கற மாதிரியே. எறக்கற அளவுக்கு கியர் லீவரையும் பிரேக் மிதியையும் திருப்பி செட் பண்ணிக்கோணும், அத மறந்துராதீங்க.

முதுகெலும்பு
இதை வழிமொழிகிறேன். அகலத் தகடு பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பிவிடும், இடுப்பின் இடம் மாறாது. கூடவே மணிக்கொரு முறை இறங்கி நடங்கள். எந்தத் தகடும் அதற்கு ஈடாகாது.

டெக்ஸாஸ்தமிழன்
அகலமான தகடு, தடிச்ச ரப்பர், கீல் வச்சு மடங்கும்... அதுக்குப் பேர் என்னங்க? குட்டி ஃபுட்போர்டு! கடைசியில என் வழிக்குத்தான் வந்தீங்க. இன்னும் கொஞ்சம் நீளம் மட்டும் சேர்த்துக்கோங்க 😄

நெடுஞ்சாலைக்கு லெக் கார்டுல ஹைவே பெக் ரெண்டு மாட்டிக்கோங்க ப்ரோ. அப்பப்போ காலை நீட்ட.

கொல்லிமலை_70
நீளம் சேர்த்தா கிக்கர் இடிக்கும், சும்மா இருங்க சார். ஹைவே பெக்கும் வேணாம்னுதான் சொல்வேன். அதுல காலை நீட்டினப்போ நாய் குறுக்க வந்தா பிரேக்குக்கு ஒரு முழம் பின்னாடி வரணும். ஆளில்லாத ரோட்டுல அஞ்சு நிமிஷம்னா சரி, நம்ம ஊர்ல ஆளில்லாத ரோடு எங்க இருக்கு?

வேலூர்_புல்லட்
சரி, ஜி.பி. ரோடு செட் வேணாம். முதல்ல சீட்டு, அப்புறம் அகல ஃபுட்ரெஸ்ட். ஹைவே பெக்கை அப்புறம் பார்த்துக்கலாம். @லேத்பட்டறை அண்ணா, பழைய ஃபுட்ரெஸ்ட்டை அளந்து போட்டோ அனுப்பவா?

லேத்பட்டறை
போட்டோவை நம்பி அடிச்சா ஓட்டை சேராதுங்க தம்பி. ரெண்டு பக்கத்தையும் கழட்டி, போல்ட்டோட பார்சல் போடுங்க. எடதுக்கு ஒண்ணு, வலதுக்கு ஒண்ணுன்னு துண்டுக் காகிதத்துல எழுதி ஒட்டிருங்க. வண்டி ஒரு வாரம் நிக்கும், பரவால்லீங்களா?