காப்பிரைட்டர் ஆக வேண்டும், எந்த வழியில் நுழைவது?

விளம்பர ஏஜென்சியில் காப்பிரைட்டராக, அதாவது விளம்பர வாசகம் எழுதுபவராகச் சேர ஒரு வருடத்துக்கும் மேலாக முயன்று வருகிறேன். இன்னும் நேர்காணல் வரைகூடப் போக முடியவில்லை. ஏஜென்சி அனுபவம் கிடையாது, எழுத்து மட்டும்தான் கையில் இருக்கிறது.

முதலில் எச்.ஆர். முகவரிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன், பதில் இல்லை. அப்புறம் கிரியேட்டிவ் டைரக்டர்களுக்கே நேரடியாக எழுதினேன். ஒருவர் மட்டும் போர்ட்ஃபோலியோவைப் பார்த்துவிட்டு, "வரி நன்றாக இருக்கிறது, படம் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை" என்றார்.

அவர் சொன்னது சரி. எல்லாமே எந்த கிளையன்ட்டும் கேட்காமல், மாதிரிக்காக நானாகச் செய்த ஸ்பெக் விளம்பரங்கள். ஒரு டார்ச் லைட்டுக்கு, "கரண்ட் போன பிறகு தேடக்கூடாத ஒரே பொருள்" என்று எழுதினேன். அதையே போஸ்டர், ரேடியோ, சமூக ஊடகம் என்று நீட்டியும் பார்த்தேன். ரேடியோவில் நன்றாக நிற்கிறது. போஸ்டரில் வெறும் டார்ச் படமும் எழுத்தும்தான். 1949இல் தொடங்கிய டாயல் டேன் பெர்ன்பாக் ஏஜென்சி காப்பிரைட்டரையும், படத்தையும் வடிவமைப்பையும் கவனிக்கும் ஆர்ட் டைரக்டரையும் ஜோடியாக உட்கார வைத்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. எனக்கு அப்படி ஒரு ஜோடி கிடைக்கவில்லை. டிசைன் படிக்கும் நண்பர்களிடம் கேட்டேன், அவர்களுக்குக் கல்லூரி வேலையே சரியாக இருக்கிறது.

இப்போது ஒரு ஏஜென்சியில் கிளையன்ட் சர்வீசிங் டிரெய்னி வேலை வந்திருக்கிறது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பிரீஃப் (விளம்பரத்தில் என்ன வேண்டும் என்று கிரியேட்டிவ் டீமுக்குச் சொல்லும் குறிப்பு) எழுதுவது, கிளையன்ட்டிடம் ஒப்புதல் வாங்குவது போன்ற வேலைகள், காப்பி எழுதும் வாய்ப்பு இல்லை.

சர்வீசிங்கில் சேர்ந்து பிறகு கிரியேட்டிவுக்கு மாறியவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: உள்ளே போன பிறகு அந்த மாற்றம் உண்மையில் நடக்கிறதா?