பிள்ளைகளுக்கான அரச உதவி: எல்லாருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா?

கோண்டாவில் ரீச்சர்:

யாழ்ப்பாணத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் அடுத்தடுத்த வளவுகளில் இருந்து இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வீட்டுக்கு அஸ்வெசும என்ற அரச உதவிக் காசு கிடைக்கிறது, மற்ற வீட்டுக்கு இல்லை.

கிடைக்காத வீட்டில் தாய் மட்டும்தான். வெங்காயம் நடும்போதும் கிண்டும்போதும் கூலிக்குப் போவார். மற்ற மாதங்களில் அகப்பட்ட வேலை. ஆனால் இருப்பது கல்வீடு. போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் மானியம் கிடைத்தது. அது போதாமல் காதுத் தோட்டை அடைவு (அடகு) வைத்துக் கூரைக்கு ஓடு போட்டார். இறந்துபோன கணவரின் மோட்டார் சைக்கிளும் முற்றத்தில் நிற்கிறது. கணக்கெடுக்க வந்தவர்களின் கண்ணில் பட்டது கூரை ஓடும் மோட்டார் சைக்கிளும்தான். அடைவுச் சிட்டையை யாரும் கேட்கவில்லை.

கிடைக்கிற வீட்டுக்குச் சுவர் இன்னும் பூசவில்லை. மூத்த மகன் பிரான்சில் இருந்து அனுப்பும் காசு எந்தப் பேப்பரிலும் இல்லை. அந்தக் குடும்பத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கடன் இருக்கிறது.

2023 ஜூலையில், முன்பிருந்த சமுர்த்தி என்ற வறியோர் உதவிக்குப் பதிலாக அஸ்வெசும தொடங்கியது. கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டார்கள். பட்டியலை வெளியிட்டு மேன்முறையீடும் கேட்டார்கள், ஆட்சேபனையும் கேட்டார்கள். ஆட்சேபனை என்றால் அயல்வீட்டுக்காரர் மேல் பெட்டிசம் போடுவதுதானே. எங்கள் பக்கத்திலும் போட்டார்கள். அந்தத் தாய்மார் இருவரும் இப்போது முகம் பார்த்துக் கதைப்பதில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தொகை கொடுத்தால் என்ன? வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்கே எப்படி நடக்கிறது என்றும் சொல்லுங்கள்.

நல்லூர் கணக்காளன்:

ரீச்சர், மனதுக்கு விளங்குகிறது, ஆனால் காசு எங்கே? 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. ஒரு பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் என்றால் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கே வருடத்துக்கு 240 கோடி. நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பல லட்சம் பேர். அந்தக் காசைத் திருநெல்வேலியில் கடைத்தொகுதி வாடகைக்கு விட்டிருப்பவரின் பிள்ளைக்கும் கொடுப்பதா?

அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பத்துக்கு முதலில் மாதம் 15,000 ரூபாய் கொடுத்தார்கள், 2025 இல் 17,500 ஆக்கினார்கள். எல்லாருக்கும் பங்கிட்டால் அந்தத் தொகையில்தான் கை வைப்பார்கள். வசதியானவரிடம் வரியாகத் திருப்பி எடுக்கலாம் என்பதும் இங்கே சரிவராது. இங்கே பாதி வியாபாரம் கைக்காசில் நடக்கிறது. குறிகாட்டிகளைத் திருத்தச் சொல்லிக் கேளுங்கள். மானிய வீட்டைச் சொத்தாகப் பார்க்க வேண்டாம், கடனையும் எழுத இடம் விடுங்கள் என்று.

வேலணை அப்பு:

பிள்ளைகள், அரசு கூப்பனுக்குப் பங்கீட்டு அரிசி கொடுத்த காலம் எனக்கு நல்ல ஞாபகம். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கூப்பன் புத்தகம் இருந்தது. சங்கக்கடை (கூட்டுறவுக் கடை) வரிசையில் வாத்தியாரும் நின்றார், கள்ளிறக்கும் தொழிலாளியும் நின்றார். அரிசி பழுதென்றால் வாத்தியாரே மனேச்சரைக் கேட்பார். 1953 இல் அரிசி விலையை ஏற்றியபோது தெற்கில் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவியை விட்டுப் போனார். எல்லாருடைய சோற்றிலும் கை வைத்தால் அப்படித்தான் நடக்கும்.

பிறகு 1978 இல், மாதம் 300 ரூபாய்க்குக் கீழே வருமானம் உள்ள குடும்பத்துக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். அடுத்த வருடம் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை. சாமான் விலை ஏறிக்கொண்டே போனது, முத்திரையின் பெறுமதி ஏறவில்லை. அப்போது வாத்தியார் வரிசையில் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கணக்காளன் தம்பி, ஏழைக்கு மட்டும் கொடுத்தால் ஏழைக்குக் கூடக் கிடைக்கும் என்று நீர் நினைக்கிறீர். நான் கண்டது வேறு.

ஹரோ அக்கா:

லண்டனில் 2013 வரைக்கும் பிள்ளைக் காசு எல்லா வீட்டுக்கும் வந்தது. அந்த வருடம் ஜனவரியில் இருந்து, தாய் தகப்பனில் ஒருவருக்கு 50,000 பவுணுக்கு மேல் வருமானம் என்றால் வரியாகத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள், 60,000 ஆனால் முழுதும் போய்விடும். ஆள் ஆளாகப் பார்த்ததுதான் பிழை. தகப்பன் ஓவர்டைம் செய்து 60,000 எடுத்து, தாய் பிள்ளைகளோடு வீட்டில் நின்றால் ஒன்றும் மிஞ்சாது. இரண்டு பேரும் 49,000 எடுத்தால் முழுக்காசும் வரும். எங்கள் ஆட்களில் முதல் மாதிரிக் குடும்பங்கள் எத்தனை! 2024 ஏப்ரலில் எல்லையை 60,000 ஆக உயர்த்தினார்கள், ஆனாலும் ஒருவரின் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நோர்வேயில் இருக்கும் மச்சாளுக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அங்கே சம்பளத்தைக் கேட்பதில்லை.

கோண்டாவில் ரீச்சர்:

அப்பு, அக்கா, நன்றி. கணக்காளன் தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

17,500 இல் கை வைக்க நான் கேட்கவில்லை. அது இருக்கட்டும். பிள்ளைக்கான தொகை வேறு, சிறியது, அதற்குச் சோதனை வேண்டாம் என்கிறேன். குறிகாட்டியைத் திருத்தலாம்தான். ஆனால் வலிகாமம் வடக்கில் 1990 இல் போரால் விட்டு வந்த காணிக்கு உறுதி மட்டும் கையில் வைத்திருப்பவர் சொத்து என்ற இடத்தில் என்ன எழுதுவார்? குருநகரில் கடல் தொழிலுக்குப் போகிறவர் எந்த மாதத்து வருமானத்தைச் சொல்வார்? 22 ஐ 40 ஆக்கினாலும் பிரான்ஸ் காசு பேப்பருக்கு வராது. பெட்டிசம் மட்டும் கூடும்.

வரி பற்றிச் சொன்னீர்கள். 2024 ஜனவரியில் இருந்து வற் வரி 18 வீதம். சவர்க்காரம் வாங்கும்போது அந்தத் தாயும் கட்டுகிறார், கடைத்தொகுதிக்காரரும் கட்டுகிறார். கூடச் செலவழிப்பவர் கூடக் கட்டுகிறார். அவருடைய பிள்ளைக்கும் 2,000 போவதில் எனக்கு மனவருத்தம் இல்லை. 1980 இல் இருந்து பாடப்புத்தகமும் 1993 இல் இருந்து சீருடைத் துணியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம். அதற்கு யாராவது கரண்ட் பில் கேட்டார்களா?

பட்டியல் தயாரிக்கவும் புதிதாக ஒருவரும் வீடு வீடாகப் போகத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்த நாளில் இருந்து குடும்பநல மாது பதிந்து வைத்திருக்கிறார். மாதாமாதம் கிளினிக்கில் நிறை பார்த்துக் கொப்பியில் கோடு கீறுகிறார். நிறை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா கொடுக்கும்போது வீட்டுக் கூரை ஓடா தகரமா என்று அவர் பார்ப்பதில்லை. அந்தக் கொப்பியில் உள்ள பிள்ளைகளுக்கே காசும் போகட்டும். ஐந்து வயதுவரை கொடுக்க முடியாவிட்டால் இரண்டு வயதுவரை தொடங்குங்கள். நிறை விழுவது அந்த வயதில்தான்.

இதை எழுதி எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். தம்பி, இரண்டு வயதுவரை என்றால் வருடத்துக்கு என்ன செலவு என்று கணக்குப் பார்த்துத் தருவீர்களா? தொகை பெரிதாக வந்தாலும் அப்படியே போடுங்கள்.

நல்லூர் கணக்காளன்:

சரி ரீச்சர், போட்டுத் தருகிறேன். என் எண்ணம் இன்னும் மாறவில்லை, ஆனால் அந்தக் கிளினிக் கொப்பி விஷயம் நான் யோசிக்காதது. அந்தத் தாயின் மேன்முறையீட்டையும் விட்டுவிடாதீர்கள். அடைவுச் சிட்டையின் பிரதியை இணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.