பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸின் ‘மரண நடனம்’: முதன்முதலில் எப்போது கேட்டீர்கள்?

பாரிஸில் படிக்க வந்த முதல் வருஷம். வகுப்புத் தோழி மாணவர் இசைக்குழுவில் செல்லோ வாசிப்பாள். அவளுக்காகத்தான் போனேன், என்ன வாசிக்கப் போகிறார்கள் என்றுகூடத் தெரியாது.

ஹார்ப் ஒரே சுரத்தை மீட்டிக்கொண்டே இருந்தது. நாலைந்து தாண்டிய பிறகுதான் மணி அடிக்கிறது என்று உறைத்தது. மொத்தம் பன்னிரண்டு, நள்ளிரவு. முதல் வயலின்காரர் பக்கத்து நாற்காலியிலிருந்த இன்னொரு வயலினை எடுத்தார். இரண்டு தந்தியைச் சேர்த்து ஒரே இழுப்பு. எனக்கு முதுகு சில்லிட்டது.

அந்த வயலினில் மெல்லிய தந்தியை மட்டும் அரை சுரம் இறக்கிக் கட்டியிருப்பார்களாம், தோழி பிறகு சொன்னாள். அந்த இரண்டு தந்திக்கும் நடுவே ஸ-வுக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள தூரம் வந்துவிடும். ஐரோப்பாவில் அதற்கு ‘இசையில் உள்ள சாத்தான்’ என்று பெயர்! கர்நாடக வயலின் கற்ற எனக்குக் கல்யாணியில் தினமும் தொட்ட மத்யமம் அது. ஆனால் கல்யாணியில் தம்பூரா ஸ-ப பிடித்திருக்கும், மத்யமம் மெல்லப் பஞ்சமத்தில் போய்ச் சாயும். இங்கே சாயப் பஞ்சமமே இல்லை. இரண்டு தந்தியும் நின்ற இடத்திலேயே நின்று அலறின.

ஆன்ரி கசாலிஸின் கவிதையை 1872-ல் பாட்டாக்கிய சேன்-சான்ஸ், 1874-ல் பாடகரின் இடத்தை இந்த வயலினுக்குக் கொடுத்துவிட்டார். கல்லறைமேல் குதிகாலால் தாளம் தட்டி வயலின் வாசிக்கிற மரணம் அந்தக் கவிதையிலேயே உண்டு.

* * *

அக்கா, உங்களுக்கு வயலின் என்றால் எனக்கு நடுப்பகுதி. எலும்பு உரசுகிற மாதிரி ஒலிக்கிற, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் ஒரு மெட்டு வந்தது பாருங்கள், பஸ்ஸில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டேன்.

எங்கள் தாத்தா கோயில் பாடகர். அடக்கப் பூசையில் அந்தக் காலத்தில் பாடிய ‘தியேஸ் ஈரே’ பாட்டை வீட்டுத் திண்ணையில் லத்தீனில் முணுமுணுப்பார், பாதிக் கண் மூடி, விரலால் முழங்காலில் தட்டிக்கொண்டு. அதே மெட்டைத்தான் சேன்-சான்ஸ் குதூகலமாக ஒலிக்கும் மேஜர் ஸ்கேலுக்கு மாற்றி, மூன்று தட்டு வால்ட்ஸ் நடன நடையில் துள்ளவிட்டிருக்கிறார். முதலில் கோபம்தான் வந்தது.

மறுநாள் முழுசாகக் கேட்டேன். ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது ஓபோ என்கிற ஊதுகுழல் சேவலாகக் கூவும், எல்லாம் சட்டென்று அடங்கும், வயலின் மட்டும் தனியாக அழும். விடிந்துவிட்டதே என்று செத்தவர்கள் அழுகிற மாதிரி. அந்த இடத்தில் தாத்தாவின் விரல்தான் ஞாபகம் வந்தது. இப்போது அவர் நினைவு நாளன்று அதைப் போட்டுக் கேட்கிறேன்.