காவல்துறைப் பணத்தில் ஒரு பங்கு மனநல உதவிக்குப் போகலாமா?

பாலாற்றங்கரை:
2020 மே மாதம் மினியாபொலிசில் ஒரு காவலரின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் உயிரிழந்த பிறகு, அமெரிக்க நகரங்களில் ஒரு கோரிக்கை வலுத்தது: காவல்துறைக்குப் போகும் நகர நிதியில் ஒரு பங்கை மனநலத்துக்கும் சமூக நலப் பணிக்கும் கொடுங்கள். அந்த ஜூனில் டென்வரில் ஒரு வேன் ஓடத் தொடங்கியது. அதில் மனநல ஆலோசகரும் மருத்துவப் பணியாளரும் போவார்கள், காவலர் கிடையாது. வேலூருக்கும் அது வேண்டும். 'காவல்துறை நிதியிலிருந்து ஒரு பங்கு' என்று கேட்டு மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதுகிறேன்.

மூன்று இரவுகள் தூங்காமல் இருந்த என் தம்பி, நான்காம் இரவு சமையலறைக்குள் தாழிட்டுக்கொண்டான். மணி இரண்டு. வேறு வழி தெரியாமல் 100க்கு அழைத்தோம். வந்த இருவரும் கெட்டவர்கள் அல்லர். ஆனால் கதவை லத்தியால் தட்டினார்கள். சத்தம் கேட்டுப் பின்பக்கம் ஓடியவன், சுவரேறிக் குதித்துக் காலை முறித்துக்கொண்டான். கதவின் நீலப் பெயின்ட்டில் மூன்று வடுக்கள். அம்மா அதன்மேல் காலண்டர் மாட்டி மறைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
தம்பி, அந்தக் கதவைப் பற்றிப் படித்த பிறகு சிறிது நேரம் எழுத வரவில்லை. ஆனாலும் எதிர்க்கிறேன். அங்கே காவலருக்குச் சம்பளம் கொடுப்பது நகர மன்றம். இங்கே காவல்துறை மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் பொறுப்பில் இருக்கிறது. வேலூர் மாநகராட்சி ஒரு காவலருக்கும் சம்பளம் தருவதில்லை. எதை வெட்டுவீர்கள்? ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி, தீபத்துக்குத் திருவண்ணாமலை என்று பந்தோபஸ்து போய்விட்டால், நிலையத்தில் பாராவுக்கு ஒருவர், ரைட்டர் ஒருவர். அவ்வளவுதான். ஆஸ்டின் நகரம் 2020இல் காவல் நிதியை வெட்டியது, அடுத்த ஆண்டே திருப்பிக் கொடுத்தது. மினியாபொலிஸ் மக்களே 2021 நவம்பர் வாக்கெடுப்பில் காவல்துறையைக் கலைத்து வேறு துறை அமைக்க மறுத்துவிட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷனில் மொழி புரியாத ஒரு பெண் நான்கு நாட்களாகத் திரிந்தார். நானும் ஒரு பெண் காவலரும் வாடகை வேனில் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டீசல் எங்கள் கைக்காசு. வழியெல்லாம் அந்தப் பெண் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்காமலே பிடித்துக்கொண்டிருந்தார்.

சத்துவாச்சாரி செவிலி:
ஏட்டையா, நீங்கள் சொன்னதே மாற்றத்துக்கான காரணம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, மனநலம் பாதிக்கப்பட்டுத் திரிபவரைக் காவலர் லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. பொறுப்பை உங்கள் தோளில் வைத்த சட்டம் வேனை வைக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 முதல் சர்க்கரை மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அதுவும் பகலில். இரவில் மனநல உதவி எண் 14416க்கு அழைத்தால் ஆலோசகர் பேசுவார். தாழிட்ட கதவுக்கு முன்னால் வந்து உட்கார அவரால் முடியாது. நோயாளி ஆவேசமாக இருந்தால் 108 ஊழியரும் காவலரைத்தான் கேட்கிறார், நானே பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
வேன் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன், அம்மா? பணம் எங்கிருந்து என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரத்தில் 1989இல் தொடங்கிய கஹூட்ஸ் என்ற மனநல உதவி வேன், காவல்துறைக் கணக்கின் வழியாக வந்த பணத்தை நம்பி ஓடியது. 2025 ஏப்ரலில் அந்த நகரில் நின்றுபோனது. அடுத்தவர் கணக்கில் தொங்கும் சேவை அப்படித்தான் முடியும். சுகாதாரத் துறையின் சொந்த நிதித் தலைப்பில் கேளுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

பாலாற்றங்கரை:
மாநகராட்சி பற்றி நீங்கள் சொன்னது சரி, ஏட்டையா. மனு மாநில அரசுக்குத்தான் போக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்வு நாளில் கொடுக்கிறேன். ஆனால் 'காவல்துறை நிதியிலிருந்து ஒரு பங்கு' என்ற வரியை எடுக்க மாட்டேன். அன்று இரண்டு காவலரையும் ஒரு ஜீப்பையும் எங்கள் தெருவுக்கு அனுப்பியது அந்தப் பணம்தானே? அதே பணம் ஒரு செவிலியையும் அனுப்பட்டும்.

ஓய்வுபெற்ற ஏட்டு:
அந்த வரி இருந்தால் நான் கையெழுத்திட மாட்டேன். கலெக்டர் அலுவலகத்துக்கு வருகிறேன், கீழ்ப்பாக்கம் போன இரவைப் பற்றி நானே சொல்கிறேன்.